வருஷத்துக்கு 2 மாதம்தான் ஐஸ்... ஆனாலும் ஆசிய வெண்கலம்! லடாக் பெண்கள் சாதித்தது எப்படி?

ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்டிவனம் - திருவண்ணாமலை ரோட்டில் நின்று பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்து கிளம்பிய புல்லட்கள் வரிசையாக வந்து செஞ்சியில் ஓரங்கட்டும். ஒரு டீ, ராஜகிரி மலை பின்னால் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, அப்புறம் கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்ததிலிருந்து ரீல்ஸுக்கும் பஞ்சமில்லை.

அந்த வண்டிகளின் டேங்கில் இருக்கும் ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் இன்னொரு ஊரில், யாரும் எதிர்பார்க்காத ஒரு விஷயத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊர், லடாக்கின் லே. விஷயம், ஐஸ் ஹாக்கி லீக்.

நம்ம பக்கம் ஐஸ் என்றால் மீன் கடை, இல்லையென்றால் சர்பத் கடை. ஐஸ் மேல் ஓடி விளையாடும் ஒரு ஆட்டத்தில் இந்தியா பதக்கம் வாங்கியிருக்கிறது என்று சொன்னால், செஞ்சியில் மட்டுமில்லை, டெல்லியிலேயே பாதிப் பேர் நம்பமாட்டார்கள். ஆனால் வாங்கியிருக்கிறது. 2025 ஜூன் மாதம் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் நடந்த மகளிர் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் நடத்தும் தொடர் ஒன்றில் இந்தியப் பெண்களுக்கு அதுதான் முதல் பதக்கம். பாலைவன ஊரில் போய் ஐஸில் ஜெயித்துவிட்டு வந்திருக்கிறார்கள்!

அணியில் பெரும்பாலானவர்கள் லடாக்கைச் சேர்ந்தவர்கள். ஹிமாச்சலின் லாஹௌல் - ஸ்பிதி பக்கத்திலிருந்தும் சிலர். பள்ளி, வேலை, வீடு எல்லாவற்றுக்கும் நடுவில் ஆடியவர்கள்.

முதலில், ஆட்டம் என்ன?

சுருக்கமாக. ஒரு அணிக்குக் களத்தில் 6 பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர். பந்துக்குப் பதில் 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு. சுமார் 170 கிராம் எடை. ஆட்டத்துக்கு முன் அதை ஃப்ரீஸரில் வைத்து உறைய வைப்பார்கள், இல்லையென்றால் ஐஸில் துள்ளும். 20 நிமிடம் வீதம் 3 பகுதிகள்.

ஓடுகிற வேகத்தில் முக்கால் நிமிடத்திலேயே மூச்சு வாங்கிவிடும். அதனால் ஆட்டம் நடக்கும்போதே ஆட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பெஞ்சிலிருந்து சிலர் குதிப்பார்கள், களத்திலிருந்து சிலர் வெளியே பாய்வார்கள். கோல்கீப்பர் மட்டும் பொதுவாக மாறமாட்டார். முழு 60 நிமிடமும், கிலோக்கணக்கில் எடையுள்ள கவசத்தோடு, பறந்து வரும் வட்டைத் தடுத்துக்கொண்டே நிற்க வேண்டும்.

குளம்தான் மைதானம்

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்களுக்கு செட்டிக்குளமும் சக்கரக்குளமும் தெரிந்திருக்கும். லேயில் கர்ஸூ என்று ஒரு குளம் இருக்கிறது. அங்கே ஐஸ் ஹாக்கி வளர்ந்தது இந்த மாதிரி உறைந்த குளங்களில்தான்.

லே இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். ராஜகிரி உச்சிக்கு ஏறவே நமக்கு மூச்சு முட்டும், அதன் உயரம் சுமார் 240 மீட்டர்தான். ஆக்சிஜன் குறைவான அந்த உயரத்தில், குளிர்காலத்தில் குளம் தானாக உறையும். குளம் இல்லாத இடத்தில், மைதானத்தைச் சுற்றி அணை கட்டி ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சுவார்கள். விடிவதற்குள் ஒரு அடுக்கு ஐஸ். மறுநாள் ராத்திரி அதன் மேல் இன்னொரு அடுக்கு. மெஷின் கிடையாது, பைப்பும் ஆட்களும்தான்.

இந்தியாவுக்கு ஐஸ் ஸ்கேட்டிங் புதிதல்ல. சிம்லாவில் 1920-லேயே இயற்கை ஐஸ் களம் வந்துவிட்டது. லடாக்கில் இந்த ஆட்டத்தைப் பரப்பியது ராணுவம். குளிர்காலத்தில் வேறு பொழுதுபோக்கு இல்லாத சிப்பாய்கள் ஆடினார்கள், உள்ளூர் பையன்கள் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்தி ஸ்கேட்ஸ் செய்த கதைகள் அங்கே ஏராளம்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஐஸுக்கு ஆயுசு குறைவு. டிசம்பர் பாதியில் வந்தால் பிப்ரவரி பாதியில் போய்விடும். கிட்டத்தட்ட 2 மாதம். அதையும் ஆண்கள், பெண்கள், குழந்தைகள், ராணுவ அணிகள் எல்லாரும் பங்கு போட வேண்டும். பெண்கள் ஆட ஆரம்பித்த காலத்தில், பையன்கள் ஆடி முடித்துக் கிளம்பிய பிறகு கிடைக்கும் கீறல் விழுந்த ஐஸ்தான் அவர்களுக்கு. ஸ்கேட்ஸும் யாரோ போட்டுக் கழற்றியதுதான், சைஸ் பொருந்தினால் அதிர்ஷ்டம். லேவுக்குப் பக்கத்தில் உள்ள செக்மோல் பள்ளி, பெண்களுக்கென்று அணி வைத்து ஊக்கப்படுத்திய இடங்களில் ஒன்று.

சிந்தெடிக் தரையில் வருஷம் முழுக்கப் பயிற்சி செய்யும் நம்ம கோவில்பட்டி ஹாக்கி பிள்ளைகளோடு ஒப்பிட்டால் இந்த 2 மாதக் கணக்கு எவ்வளவு கொடுமை என்று புரியும்.

0 வெற்றியிலிருந்து வெண்கலம் வரை

சர்வதேச சம்மேளனத்தில் இந்தியா உறுப்பினரானது 1989-ல். ஆண்கள் அணி ஆசியப் போட்டியில் இறங்கியது 2009-ல், அபுதாபியில். பெண்கள் இன்னும் 7 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 மார்ச்சில் தைபேயில் நடந்த ஆசிய சேலஞ்ச் கோப்பைதான் அவர்களுக்கு முதல் சர்வதேசத் தொடர். பயணத்துக்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டிய நிலை. ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை.

அடுத்த வருஷமே பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று சாய்த்தார்கள். இந்தியப் பெண்களின் முதல் சர்வதேச வெற்றி அது. அந்தத் தொடரிலேயே மலேசியாவையும் தோற்கடித்தார்கள். முழு அளவு உள்ளரங்க ஐஸ் களத்தைத் தொடர்களுக்குப் போகும்போதுதான் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த 4-3 சாதாரண ஸ்கோர் இல்லை.

2018 ஜனவரியில் கனடாவின் ஹெய்லி விக்கன்ஹைசர் லடாக்குக்கே வந்தார். ஒலிம்பிக்கில் 4 தங்கம் வென்றவர். மகளிர் ஐஸ் ஹாக்கியின் சச்சின் என்று சொன்னால் மிகையில்லை. பயிற்சி கொடுத்தார், கிட்பேக்குகள் வந்தன. அதே வருஷம் நவம்பரில் கால்கேரியில் அவர் நடத்தும் 'விக்ஃபெஸ்ட்' விழாவுக்கு இந்திய அணி போய் ஆடியது.

அதற்குப் பிறகு தோல்விகளும் உண்டு, நடுவில் கொரோனா. 2016-லிருந்து 2025 வரை 9 வருஷம். ஐஸ் கிடைத்த மாதங்களை மட்டும் கூட்டினால் ஒன்றரை வருஷம் சொச்சம்தான். இந்தக் கணக்கு தெரியாமல் அந்த வெண்கலத்தை எடை போட முடியாது.

கோடையில் ஓவியம், குளிரில் கோல்போஸ்ட்

'கேரியர்' என்ற வார்த்தைக்கு இந்திய ஐஸ் ஹாக்கியில் என்ன அர்த்தம்? நூர் ஜஹானைப் பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

லேயைச் சேர்ந்த நூர், இந்திய அணியின் கோல்கீப்பராக ஆடியவர். அவர் தொழில் வேறு. பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் நிபுணர். உறவினர் வஜீதா தபஸ்ஸூமோடு சேர்ந்து 'ஷெஸ்ரிக்' என்ற அமைப்பை நடத்துகிறார். லடாக்கின் புத்த மடாலயங்களில் இருக்கும் பழைய சுவரோவியங்களையும், தங்கா எனப்படும் துணி ஓவியங்களையும் இந்த 2 இஸ்லாமியப் பெண்கள் சீரமைக்கிறார்கள்.

செஞ்சி வட்டாரத்துக்காரர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். பக்கத்தில் பனைமலை தாளகிரீஸ்வரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் ஒன்று மிச்சமிருக்கிறது. அதில் உதிர்ந்துபோனதுதான் அதிகம். உதிராமல் பிடித்து வைக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! பிரஷ் முனையில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகரும் கை, குளிர்காலம் வந்தால் கவசக் கையுறை மாட்டிக்கொண்டு ரப்பர் வட்டைத் தடுக்கிறது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இதை வெறும் 'இன்ஸ்பிரேஷன்' கதையாகப் படித்துவிட்டு நகர்ந்தால் விஷயத்தைத் தவறவிடுவோம். தேசிய அணி வீராங்கனைக்கு ஆட்டம் சோறு போடாது என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் உண்மை.

கனடாவில் என்றால்?

அங்கே கதை வேறு. உலகின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-லில் இந்திய வம்சாவளியினர் சிலர் ஆடியிருக்கிறார்கள். முதல் ஆள் ராபின் பாவா, 1989-ல். அதிகம் சாதித்தவர் மேனி மல்ஹோத்ரா. 1998 டிராஃப்ட்டில் 7-வது ஆளாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது. மொத்தம் 991 ஆட்டங்கள். 2011 மார்ச்சில் வட்டு இடது கண்ணில் பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, 3 மாதம்கூட ஆவதற்குள் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றில் திரும்ப இறங்கினார். 2025-ல் பயிற்சியாளராக அபோட்ஸ்ஃபோர்டு கனக்ஸ் அணிக்கு கால்டர் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த அணியில் ஆடியவர்களில் ஒருவர் பஞ்சாபி வம்சாவளி அர்ஷ்தீப் பெய்ன்ஸ்.

மல்ஹோத்ராவுக்குக் காயம்பட்டபோது கிளப் இருந்தது, டாக்டர்கள் இருந்தார்கள், ஒப்பந்தம் இருந்தது. லே வீராங்கனைக்கு அந்த ஏற்பாடு எதுவும் இல்லை. ஆடியே சம்பளம் வாங்கி முழு வருஷமும் ஓட்டுகிற லீக் இந்தியாவில் கிடையாது.

அப்போ பணம் எங்கிருந்து?

ஒரு வழி, சீருடை. இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைக்கு மகளிர் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. அதில் சேர்ந்தால் மாதச் சம்பளம், ஆட நேரம். ரயில்வே வேலைக்காக ஹாக்கி ஆடிய நம்ம ஊர் தலைமுறையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்குதான். 2024 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் ஐஸ் போட்டிகள் லேயில் நடக்கின்றன. வேலை தேடும் பெண்களுக்கு அது ஒரு மேடை.

இன்னொரு வழி ஸ்பான்சர். இங்கேதான் அந்த புல்லட் வருகிறது. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கி, இன்று ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளில் வண்டி செய்யும் ராயல் என்ஃபீல்டு, 2023-ல் லடாக் ஐஸ் ஹாக்கிக்கென்று ஒரு வளர்ச்சித் திட்டத்தை வெளியிட்டது. இலக்கு, 2042 குளிர்கால ஒலிம்பிக். 2024 ஜனவரியில் லேயில் லீக்கின் முதல் சீசன், ஆண்களுக்கும் பெண்களுக்கும். லடாக் ரைடுதான் புல்லட்டின் பெரிய விளம்பரம் என்பது எல்லாருக்கும் தெரியும். கம்பெனிக்கும் லாபம் இல்லாமல் இல்லை. இருக்கட்டும், கிட்பேக் வந்தால் சரி.

ஆனால் ஸ்பான்சரால் ஐஸை நீட்டிக்க முடியாது. குளிர்காலம் சூடானால் முதலில் கரைவது இந்தக் குளத்து மைதானங்கள்தான். அதனால்தான் டேராடூன் முக்கியமாகிறது. 2011 தெற்காசிய குளிர்கால விளையாட்டுகளுக்காக அங்கே கட்டிய ஹிமாத்ரி உள்ளரங்க ஐஸ் களம், போட்டி முடிந்ததும் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. ஐஸுக்காகப் பெண்கள் குளம் குளமாக அலைந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்! ஒருவழியாகப் பழுதுபார்த்து, 2025 ஆகஸ்டில் ஆசிய ஷார்ட் டிராக் ஸ்கேட்டிங் போட்டியை அங்கே நடத்தினார்கள்.

இனி அந்தக் களத்தின் குளிரூட்டும் மெஷின் வருஷத்துக்கு எத்தனை மாதம் ஓடும், கரன்ட் பில்லை யார் கட்டுவார்கள் என்பதில்தான் அடுத்த பதக்கத்தின் நிறம் இருக்கிறது. லே பெண்களுக்கு இப்போதைக்கு டிசம்பர்தான் சீசன்.