பழைய கிண்ணமும் இன்றைய சம்பளமும்

ஆண்டு முடிவில் ஐந்தொகை தயாரிக்கும்போது கட்டடம், கையிருப்புச் சரக்கு, வங்கியிலுள்ள பணம், வரவேண்டிய கடன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறோம். கடையின் பெயருக்குள்ள மதிப்பை எங்கே எழுதுவது? கணக்காளர்கள் இதனை நன்மதிப்பு என்பார்கள். கடையை விற்கும்போதுதான் அதற்கு ஒரு விலை தெரியும். ஆனால் அந்தப் பெயரை நம்பி வியாபாரம் செய்யும் நம்மில் பலர், அது எப்படி உண்டானது, எவ்வளவு காலம் தாங்கும் என்று யோசிப்பதில்லை.

இந்த வாரம் இதனை விளக்குவதற்கு ஒரு கடையை அல்ல, ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் விளையாட்டு விமர்சகன் அல்லன், வியாபாரி. ஆனாலும் கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அது எங்களுடைய கடைத்தெருவின் கதையாகவே எனக்குப் படுகிறது.

ரசிகர்கள் மறக்காத எட்டு ஆண்டுகள்

1891இல் ஆரம்பிக்கப்பட்ட இக்கழகத்தின் நிறம் கறுப்பும் வெள்ளையும். கல்கத்தா லீக் சுற்றுப்போட்டி 1898இல் தொடங்கியது. அன்று முதல் 1933 வரை அதில் சம்பியனானவை ஐரோப்பியரின் கழகங்களும் பிரித்தானிய இராணுவ அணிகளுமே. 1934இல் முதற் பிரிவுக்கு ஏறிவந்த முஹம்மதன் ஸ்போர்ட்டிங், வந்த முதல் ஆண்டிலேயே லீக்கை வென்றது. அந்த லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகம் அதுதான். ஒரு முறையோடு நிற்கவுமில்லை. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து தடவைகள் சம்பியன். 1936இல் லீக்குடன் ஐ.எஃப்.ஏ. கேடயமும் கிடைத்தது. 1940, 1941இல் மீண்டும் லீக்.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி டில்லியில் நடந்த டியூரண்ட் கிண்ண இறுதிப் போட்டியில் ரோயல் வார்விக்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று தோற்கடித்தார்கள். 1888இல் தொடங்கிய அந்தக் கிண்ணம் ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது அதுவே முதற் தடவை. ஆள்பவனை ஆளப்படுபவன் அவனுடைய விளையாட்டிலேயே வென்றான் என்ற மகிழ்ச்சி வங்காளத்தின் முஸ்லிம்களிடையே பரவியது. கவிஞர் காஸி நஸ்ருல் இஸ்லாம் கழகத்தை வாழ்த்திக் கவிதை எழுதினார்.

அந்த அணியில் விளையாடிய முஹம்மது சலீம் 1936இல் ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்துக்குச் சென்று, காலணி இல்லாமல் பாதங்களில் துணிக்கட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு போட்டிகளில் விளையாடினார். அங்கேயே இருக்கும்படி கேட்டும், ஊர் நினைவு தாங்காமல் திரும்பி வந்துவிட்டார்.

வெற்றிக்குப் பின்னால் இருந்த வேலை

ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வது இவ்வளவும்தான். ஆனால் வியாபாரியின் கண் வேறொன்றைத் தேட வேண்டும். இரண்டாம் பிரிவில் கிடந்த ஒரு கழகம் எப்படித் திடீரென்று முதலிடத்துக்கு வந்தது?

கழகத்தின் நிருவாகத்தைக் கையில் எடுத்த சீ.ஏ. அஸீஸ் என்பவர் இரண்டு காரியங்களைச் செய்தார். முதலாவது, கல்கத்தாவுக்குள் மட்டும் ஆள் தேடாமல் தெற்கே பெங்களூரிலிருந்தும் வடமேற்கே குவெட்டாவிலிருந்தும் திறமையான வீரர்களை அழைத்து வந்தார். வெளியூர்க்காரரை அழைத்தால் தங்குமிடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், செலவு கூடும். அந்தச் செலவுக்கு அவர் பின்வாங்கவில்லை.

இரண்டாவது, காலணி விடயம். அக்காலத்தில் இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் விளையாடினார்கள். காய்ந்த தரையில் அது நல்ல வேகம் கொடுக்கும். ஆனால் கல்கத்தா லீக் நடப்பது மழைக்காலத்தில். மைதானம் சேறானவுடன் வெறுங்கால் வழுக்கும். காலணி அணிந்த வெள்ளைக்காரர் அணிகள் அப்போது மேலே போய்விடும். அஸீஸ் தமது வீரர்களுக்கு மழை நாளில் காலணி அணிந்து விளையாடப் பழக்கினார். காய்ந்த நாளில் வெறுங்கால், ஈர நாளில் காலணி.

இதில் மாயம் எதுவுமில்லை. தோல்வி எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் பணத்தையும் உழைப்பையும் போட்டிருக்கிறார்கள். அடைமழை மாதத்தில் குடை வாங்கி வைக்காமல், வெயில் காலத்தில் நன்றாக விற்றோமே என்று பேசிக்கொண்டிருக்கும் கடைக்காரரை நாம் கண்டதில்லையா?

பார்க்காத காலத்துக்கான ஏக்கம்

1947இல் நாடு பிரிந்தது. கழகத்துக்குப் பின்னால் நின்ற பலர் கிழக்குப் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டார்கள். வாடிக்கையாளரில் ஒரு பகுதியும் முதலில் ஒரு பகுதியும் ஒரே நேரத்தில் போனால் எந்த வியாபாரம்தான் தாங்கும்? அப்படியிருந்தும் 1948, 1957, 1967, 1981ஆம் ஆண்டுகளில் லீக்கை வென்றார்கள். 1960இல் டாக்காவில் ஆகா கான் தங்கக் கிண்ணத்தை வென்று, வெளிநாட்டு மண்ணில் கிண்ணம் வென்ற முதல் இந்தியக் கழகம் என்ற பெயரும் பெற்றார்கள். 1983, 1984இல் சம்மேளனக் கிண்ணம் கிடைத்தது.

அதற்குப் பிறகு நீண்ட வறட்சி. கல்கத்தா லீக்கை மீண்டும் வெல்ல 40 ஆண்டுகள் சென்றன. 1981இல் 20 வயது இளைஞனாக மைதானத்தில் நின்றவர் 2021இல் 60 வயதுக்காரர். 1934ஐக் கண்ணால் கண்டவர்களைத் தேடினாலும் கிடைக்காது. ஆனாலும் ‘ஜான் ஜான் முஹம்மதன்’ என்ற கோஷம் நிற்கவில்லை. பாட்டன் தந்தைக்குச் சொன்னார், தந்தை மகனுக்குச் சொன்னார். தான் பார்க்காத ஒரு காலத்துக்காக ஏங்கும் இளைஞர்கள் கழகத்தின் நுழைவுச்சீட்டை வாங்குகிறார்கள்.

இதைவிடப் பெரிய நன்மதிப்பு எந்தக் கொம்பனிக்கு உண்டு? 40 வருடமாகச் சரக்கு சரியில்லை. ஆனாலும் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகவில்லை. நமது கடைகளில் ஒரு மாதம் சரக்குக் குறைந்தாலே அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஏக்கத்தில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. வாடிக்கையாளர் எப்படியும் வருவார் என்று தெரிந்துவிட்டால், நிருவாகம் அவருக்கு நல்ல சரக்குக் கொடுக்க அவசரப்படாது. கிண்ணங்களின் பட்டியலைக் காட்டியே காலத்தை ஓட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடும். பழைய பெருமை உழைக்கத் தூண்டினால் நல்லது. உழைப்புக்குப் பதிலாக வந்தால் அது நஞ்சு.

பெயர் வந்தது, சம்பளம் வரவில்லை

2014இல் பணம் இல்லாமல் மூத்த அணியையே நிறுத்துவதாக அறிவிக்கும் நிலைக்குக் கழகம் வந்தது. பிறகு 2020இல் ஒரு முதலீட்டு நிறுவனம் சேர்ந்தது. 2021 நவம்பரில் ரயில்வே அணியை 1-0 என்று வென்று லீக்கைக் கைப்பற்றினார்கள். ஒரு காலத்தில் முஸ்லிம் வீரர்களைக் கொண்டே விளையாடிய கழகத்துக்காக, 40 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த அந்த ஒரே கோலை அடித்தவர் ட்ரினிடாட் நாட்டவரான மார்கஸ் ஜோசப். எங்கிருந்தாலும் திறமையை அழைத்து வா என்ற அஸீஸின் வழி மீண்டும் பலன் தந்தது. 2022, 2023இலும் லீக் அவர்களுக்கே. 2024இல் ஐ-லீக் சம்பியனாகி, நாட்டின் முதல்தர இந்தியன் சூப்பர் லீக்குக்கு ஏறினார்கள். இன்னொரு முதலீட்டாளரும் சேர்ந்தார். 1930களே திரும்பி வந்துவிட்டதாக ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

2024-25 பருவம் முடிந்தபோது 13 அணிகளில் 13ஆவது இடம். விளையாட்டில் தோல்வி சகஜம், அதற்காக நான் குறை சொல்லவில்லை. என் மனதை உறுத்தியது வேறு. வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. ஐ-லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த ரஷ்யப் பயிற்சியாளர் 2025 ஜனவரியில், சம்பளம் கிடைக்கவில்லை என்று கூறி விலகிப் போனார். முதலீட்டாளர்களுக்கும் கழக நிருவாகத்துக்கும் இடையில் இழுபறி. 130 வருடத்துக்கு மேற்பட்ட பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் கொண்டு மாத முடிவில் ஒரு வீரனின் வீட்டு வாடகையைக் கட்ட முடியவில்லை.

கூலியாளின் வியர்வை உலர முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நமது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த முதல் பாடங்களில் ஒன்று. நபிகளாரின் (ஸல்) பெயரோடு சேர்ந்த பெயரைத் தாங்கும் கழகத்துக்கு இந்த நிலை வந்தது என்பதை எண்ணும்போது, வெளியில் நிற்கும் எனக்கே வேதனையாக இருக்கிறது. சட்டையில் அந்தப் பெயரை அணிந்து நடக்கும் ரசிகனுக்கு எப்படி இருக்கும்?

பக்கத்துக் கழகத்தின் பாடம்

இதே நகரத்தின் மோகன் பகான் கழகத்தையும் ஒரு வரி பார்ப்போம். 1889இல் தொடங்கிய அக்கழகம் 1911 ஜூலை 29இல் ஓர் ஆங்கில இராணுவ அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயம் பெற்றது. அந்த நாளை ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். 2020இல் பெரும் முதலீட்டாளர் ஒருவர் வந்து, தமது முன்னைய அணியின் பெயரான ஏ.ரி.கே. என்பதைக் கழகத்தின் பெயருக்கு முன்னால் சேர்த்தார். பணம் வந்தது, வீரர்கள் வந்தார்கள், வெற்றியும் வந்தது. ஆனால் ரசிகர்கள் விடவில்லை. அந்த எழுத்துக்களை நீக்கும்படி தொடர்ந்து போராடினார்கள். 2023இல் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்றவுடனேயே முதலீட்டாளர் அதனை நீக்குவதாக அறிவித்தார்.

வாடிக்கையாளரின் பழைய நினைவு வெறும் உணர்ச்சியல்ல, அதற்கு விலை உண்டு என்பதை அந்தப் பணக்காரர் புரிந்துகொண்டார். ஒரு கழகத்தில் சம்பளம் நின்றது, பெயர் தங்கியது. மற்றதில் சம்பளம் ஓடியது, பெயர் ஆட்டம் கண்டது. இரண்டு இடத்திலும் ரசிகன் அமைதியாக இருக்கவில்லை. அவனுக்கு இரண்டும் வேண்டும்.

நமது கடைகளுக்கு

வாப்பாவின் காலத்துப் பெயர்ப்பலகையை இன்றும் வைத்திருக்கும் சகோதரர்கள் நம்மில் ஏராளம். அவர்களிடம் மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, வாப்பா எப்படிச் சம்பாதித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எவ்வளவு சம்பாதித்தார் என்பதை மட்டும் சொல்லாதீர்கள். விடிய எழுந்து சந்தைக்குப் போனது, கடன்காரனுக்குத் தவணை தவறாமல் கொடுத்தது, அளவையில் குறைக்காதது, இவைதான் அந்தப் பெயரின் முதல். கிண்ணத்தைக் காட்டுகிறவர் காலணியையும் காட்ட வேண்டும்.

இரண்டாவது, பங்காளியோ முதலீட்டாளரோ வரும்போது, பெயர் யாருக்குரியது, மாதச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்ற இரண்டையும் முதல் நாளே எழுத்தில் வையுங்கள். சிநேகிதம் எழுதுவதற்குத் தடையல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி நமக்கு ஏவப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, நீங்கள் திறந்த காலத்திலிருந்தே உங்களிடம் வாங்கும் வாடிக்கையாளரை, அவர் எங்கே போகப் போகிறார் என்று எண்ணாதீர்கள். அவர் உங்கள் வாப்பாவின் நேர்மைக்காக வருகிறார். அந்த நம்பிக்கை உங்கள் கையில் ஓர் அமானிதம். அவர் இருக்கும் வரை வருவார். அவருடைய பேரன் வருவானா என்பதை, இன்று நீங்கள் கொடுக்கும் சரக்கும் உங்கள் கடைப் பையனுக்கு மாத முடிவில் கொடுக்கும் சம்பளமுமே தீர்மானிக்கும்.