வீட்டோடு தங்கும் குஞ்சுகள்

வட ஸ்பெயினிலும் சுவிட்சர்லாந்திலும் வாழ்வது ஒரே இனக் காகம்தான், வாழ்முறைதான் வேறு. சுவிஸ் குஞ்சுகள் பறக்கப் பழகிய சில மாதங்களில் பெற்றோரை விட்டுப் போய்விடும். ஸ்பெயின் குஞ்சுகளில் பல ஆண்டுக்கணக்கில் வீட்டோடு தங்கும். அடுத்த ஈட்டுத் தம்பி தங்கைகளுக்கு இரையும் ஊட்டும். இது ரத்தத்தில் வந்ததா, வளர்ந்த இடத்தில் வந்ததா? விட்டோரியோ பாலியோனே என்ற ஆய்வாளரின் குழுவினர் சுவிஸ் முட்டைகளை ஸ்பெயின் காகங்களின் கூட்டில் வைத்து வளரவிட்டார்கள். 2002-ல் முடிவு வெளியானது. பிழைத்து வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வளர்ப்புப் பெற்றோரைப் பிரியவில்லை. சில, அடுத்த பருவத்தில் குஞ்சு வளர்க்கவும் துணை நின்றன. பிறவிக் குணம் என்று எதையும் சட்டென்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டோடு இருப்பதில் குஞ்சுக்கு என்ன லாபம்? ஸ்வீடனின் வடக்கே, அர்விட்ஸ்யவுர் ஊரைச் சுற்றியுள்ள ஊசியிலைக் காட்டில் 1989 முதல் ஆய்வாளர்கள் சைபீரிய ஜே பறவைகளைக் கவனித்து வருகிறார்கள். யான் எக்மன் தொடங்கிய வேலை. பிறகு மிக்கேல் கிரீஸர் தொடர்ந்தார். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பறவை இது. கூட்டை விட்டு வந்த சில வாரங்களிலேயே உடன்பிறப்புகளுக்குள் சண்டை மூள்கிறது. வலுத்தது பெற்றோருடன் தங்குகிறது. இளைத்தது விரட்டப்பட்டு வேறொரு கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது.

அங்கே அதற்கு இரண்டாம் இடம்தான். சொந்தக் குஞ்சு பக்கத்தில் நின்று இரை தின்னப் பெற்றோர் விடுகிறார்கள், வந்தேறியைத் துரத்துகிறார்கள். வல்லூறு பாய்ந்தால், தன் பிள்ளை அருகில் இருக்கும்போதுதான் தாய்ப்பறவை அதிகம் எச்சரிக்கைக் குரல் எழுப்புகிறது. இளம் பறவைகளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வல்லூறுகளே என்பதால், அந்தக் குரல் உயிர்காக்கும் குரல். எதிரியைப் பெரியவர்கள் சூழ்ந்து கத்தி விரட்டுவதைப் பார்ப்பதே குஞ்சுக்குப் பாடம். பொம்மை எதிரிகளை வைத்து நடத்திய சோதனையில், அப்படிப் பார்த்த குஞ்சுகளே அதிகம் பிழைத்துப் பின்னாளில் தாமும் குடும்பம் அமைத்தன.

இந்தப் பள்ளிக்கு அடர்ந்த ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்கள் வேண்டும். கூடும் பறவையும் ஒளிந்திருப்பது அவற்றுக்குள்தான். மரத்தொழிலுக்காகப் பெரிய மரங்களின் அடியில் வளரும் இளமரங்களைக் கழித்துவிட்ட இடங்களை ஜேக்கள் கைவிட்டுப் போகின்றன. கழிக்கும்போது அங்கங்கே அடர்ந்த திட்டுகளையாவது விட்டுவைக்க வேண்டும். ஒரு குடும்பம் இடம்பெயர்ந்தால், குஞ்சு பார்த்துக் கற்க வேண்டிய பெரியவர்களும் அதோடு போய்விடுகிறார்கள்.