முதியோர் மீண்டும் நடத்தல்

மூப்பினால் தளர்ந்த ஒருவர் நோயுற்று ஆஸ்பத்திரி புகுவாராயின், அவரைச் சூழ்ந்து நிற்போர் முதற்கண் வினவுவது உயிருக்கு இடருண்டோ என்பதே. அவ்வச்சம் நீங்கியபின் எழவேண்டிய வினா மற்றொன்றுண்டு. முன்போல் எழுந்து நடப்பாரோ என்னும் அதனைக் கேட்பார் சிலரே.

புதுக்கோட்டையினின்று ஆலங்குடி செல்லும் சாலையிலுள்ள திருவரங்குளத்தில் வாழும் மூதாட்டி ஒருவரைக் கொள்வோம். கொல்லைப்புறத்திற்குத் தாமே போய்வருதல், மாலையில் கோயில் வாசல்வரை சென்று மீளுதல், அண்டைவீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுதல் ஆகிய யாவும் அவருடைய இரு கால்களையே பற்றி நிற்கின்றன. முற்றத்தில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு முறிந்ததென்று வைத்துக்கொள்வோம். இடுப்பு முறிவென நாம் வழங்குவது பெரும்பாலும் தொடையெலும்பின் மேன்முனை முறிவேயாம். சத்திர சிகிச்சைக்குப் புதுக்கோட்டை அணித்தேயுளது. ஆங்கு 2017-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பெற்றது. எலும்பு பொருத்தப்பட்டது; புண்ணும் ஆறியது. ஆயினும் அம்மூதாட்டியார் படுக்கையைவிட்டு எழாதொழிதல் கூடும். முறிந்த எலும்பினும் படுத்த படுக்கையே இதற்குப் பெரிதும் காரணமாதலுண்டு.

நோய்க்கு ஓய்வே மருந்தென்பது நம்மவர் நெஞ்சில் ஆழ வேரூன்றிய எண்ணம். மேல்நாட்டினரும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தனர். 1947-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஆஷர் என்னும் ஆங்கில வைத்தியர் படுக்கையினால் விளையும் கேடுகளை ஒவ்வோர் உறுப்பாக எடுத்துக்காட்டிக் கட்டுரை வரைந்து, உடன் வைத்தியர்களைச் சிந்திக்கச் செய்தார். அவர் கூறியதற்கு அளவையால் சான்று கிடைத்தது பிற்காலத்தேயாம். அமெரிக்காவில் 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், நோயற்ற முதியோர் பதினொருவர் பத்து நாள் படுக்கையில் இருத்தப்பெற்றனர். அவ்வளவிலேயே அவர்களுடைய கால்களின் தசை சராசரி ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்தது. முழங்காலை நீட்டும் வலிமை நூற்றுக்குப் பதினைந்து பங்குக்குமேல் தேய்ந்தது. நோயில்லாதார்க்கே இவ்வாறாயின், காய்ச்சலும் வலியும் உணவின்மையும் ஒருங்கு கூடிய நோயாளிக்கு நேர்வதை ஊகித்துக் கொள்க. படுத்தே கிடப்பார்க்கு எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுழலும்; நுரையீரலில் சளி தேங்கும்; கால் நரம்பில் இரத்தம் உறையும்; முதுகிலும் குதிகாலிலும் புண் தோன்றும். இவற்றோடு, விழுந்துவிடுவோமென்னும் அச்சமும் வந்து குடிபுகும்.

முதியோரை இங்ஙனம் கிடத்திவைத்தல் தகாதென்று செயலிற் காட்டியவருள் முதன்மையானவர் மார்ஜரி வாரன் என்னும் பெண் வைத்தியராவார். இலண்டனுக்கு அருகே ஓர் ஏழையர் விடுதியைச் சார்ந்த நோயாளர் பிரிவு 1935-இல் அவர் பொறுப்பில் வந்தது. தீராநோயாளரென ஒதுக்கப்பட்டுப் பலர் அங்கே படுத்திருந்தனர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்து, எழுப்பி, பயிற்றி, பலரை நடக்கச் செய்து வீட்டிற்கு அனுப்பினார்.

நம் நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ் இத்துறைக்கு வழிகோலியவர். 1954-இல் நேர்ந்த விபத்தொன்றினால் அவருடைய கால்கள் இரண்டும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே சத்திர சிகிச்சை செய்த அவர், பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. அது முதியோர்க்கென்றே எழுந்ததன்று. எனினும் இழந்த இயக்கத்தைப் பயிற்சியினால் மீட்டல் மருத்துவத்தின் கடமையே என்பதை நம்மிடை நிலைநாட்டிற்று. முதியோர்க்கெனத் தனி மருத்துவப் பிரிவு சென்னை அரசுப் பொது ஆஸ்பத்திரியில் 1978-இல் டாக்டர் வி. எஸ். நடராசனால் தொடங்கப்பெற்றது.

இனி, பயிற்சி நடைபெறும் முறையைக் காண்போம். இடுப்பு முறிவுக்குச் சத்திர சிகிச்சை நடந்த மறுநாளே, வேறு தடையில்லையேல், நோயாளியை எழுப்புதல் இன்றைய நெறி. இதனை நடத்துவிப்பவர் இயன்முறை மருத்துவர். முதலில் கட்டிலின் விளிம்பில் கால் தொங்க அமர்த்திச் சிறிது நேரம் பொறுப்பர். தலைசுற்றல் இல்லையெனக் கண்டபின்னரே எழுப்புவர். எழுதற்கும் ஒரு முறையுண்டு. முன்விளிம்பிற்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து ஊன்றி, உடலை முன்னே சாய்த்து எழுதல் வேண்டும். நம் முதியோர் பலர் பின்னே சாய்ந்தபடியே எழ முயன்று மீண்டும் பொத்தென்று அமர்கின்றனர். இச்சிறு திருத்தத்தினாலேயே தாமாக எழுவாரும் உளர்.

பின்னர் வாக்கர். குழந்தையின் நடைவண்டியை நிகர்த்த இதனைக் கண்டு நாணும் முதியோர் பலராயினும், நான்கு கால் நிலைக்கு ஈடு பிறிதில்லை. முன்னே அதனை நகர்த்தி, அடுத்து நோயுற்ற காலையும், பின்பு நற்காலையும் வைத்தல் முறை. ஊன்றுகோலுக்கு மாறும்போது அதனை நோயுற்ற காலின் பக்கத்தே பிடிப்பதே வழக்கமாயிருக்கிறது. அது பிழை, எதிர்க்கையிற் பிடித்தலே தகும். கோலின் உயரம், கையைத் தொங்கவிட்டு நிற்கையில் மணிக்கட்டின் மடிப்பளவு இருத்தல் வேண்டும்.

இப்பயிற்சியால் விளையும் நன்மை சிறிதன்று. ஸ்பெயின் நாட்டுப் பம்பிளோனா நகரில், எழுபத்தைந்து வயது கடந்த நோயாளர் 370 பேரைக்கொண்டு நடந்த ஆராய்ச்சி 2019-இல் வெளிவந்தது. அவர்களுடைய சராசரி வயது 87. ஒரு பகுதியார்க்கு ஒரு வாரத்திற்கு மேற்படாத சில நாட்கள், நாளுக்கு இருமுறை, தசைக்கும் சமநிலைக்கும் நடைக்குமுரிய பயிற்சிகள் அளிக்கப்பட்டன. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோர், வீடு திரும்புகையில் அன்றாடச் செயல்களில் முன்னினும் தாழ்ந்திருந்தனர்; பயிற்சி பெற்றோர் சிறிது உயர்ந்தே இருந்தனர்.

நம் ஆஸ்பத்திரிகளில் கட்டிலருகே இருப்பவர் பெரும்பாலும் மகளோ மருமகளோ பேரனோ ஆவர். இதனைப் படிக்கும் மாணவர் பலர்க்கும் அம்முறை ஒருநாள் வரும். அவர்தம் அன்பே சிலவேளை தடையாகின்றது. ‘அசையாதீர்கள் பாட்டி, நாங்கள் இருக்கிறோம்’ என்று வாயில் ஊட்டி, படுக்கையிலேயே கலம் வைத்து, தலை வாரிவிட்டு எல்லாம் தாமே செய்கின்றனர். இவற்றுள் பாட்டியார் தாமே செய்யக்கூடியதைச் செய்யவிடுதலே பயிற்சி. உண்ணும்போது நாற்காலியில் அமர்த்துக. நடத்துகையில் தளர்ந்த பக்கத்தே சற்றுப் பின்னே நின்று இடுப்பைத் தாங்குக. கையைப் பற்றி இழுத்தல், சிறப்பாகப் பக்கவாதத்தால் தளர்ந்த கையை இழுத்தல், தோள்மூட்டுக்குக் கேடு. சிறுநீர்க்குழாய் இன்னும் வேண்டுமோ என்று நாள்தோறும் வைத்தியரைப் பணிவுடன் வினவலாம்; அக்குழாய் முதியவரைக் கட்டிலோடு கட்டிவைக்கும் கயிறாகிவிடுகின்றது. கால்தடுக்கும் நீண்ட வேட்டியும் தளர்ந்த செருப்பும் ஆகா.

உணவிலும் ஒரு தவறு பரவியுள்ளது. நோயாளிக்குக் கஞ்சியே ஏற்றதென்று வாரக்கணக்கில் அதனையே அளிப்பர். தேய்ந்த தசை மீண்டும் வளரப் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, பால், மீன், நம் செம்மண் நிலத்தில் விளையும் கடலை இவையாவும் உதவும். சிறுநீரக நோயுடையார் மட்டும் அளவை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.

ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் இருபதடி நடந்தவர் தம் வீட்டு வாசற்படியில் திகைத்து நிற்றல் உண்டு. ஆதலின் வீட்டின் படிகள் எத்தனை, கழிப்பறை எத்துணைத் தொலைவு, அது குந்தி அமர்வதோ என்பவற்றை இயன்முறை மருத்துவரிடம் முன்னரே கூறின், அதற்கேற்பப் பயிற்றுவர். படியேறுகையில் நற்கால் முன். இறங்குகையில் நோயுற்ற கால் முன். தரையில் அமர்தலும் குந்துதலும் வைத்தியர் இசைவு பெறும்வரை விலக்கத்தக்கன; நாற்காலி வடிவிலான கழிப்பிருக்கை ஒன்று அதுவரை உதவும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை மருத்துவர் வீடுதேடி வந்து பயிற்சி அளித்தலும் ஓர் அங்கமாக அமைந்தது. அத்தகைய உதவி எட்டாத நாட்களிலும், சுவரோரமாய் இட்ட கைப்பிடியுள்ள நாற்காலியினின்று முற்பகலும் பிற்பகலும் எழுந்து அமர்தல், அருகே ஒருவர் நிற்க, வீட்டிலேயே இயல்வதாம்.