கடலோர வீட்டில் பன்னீர் ரோஜா... முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரிகளில் பூத்துக் குலுங்கும் ஒட்டு ரோஜாவைப் பார்த்தால், வாங்காமல் வர மனம் வராது. ஆனால் முட்டுக்காடு, கோவளம் பகுதி வீடுகளில் அந்தச் செடி கோடையில் இலை ஓரம் கருகி, குச்சி குச்சியாக நின்றுவிடுவது உண்டு. நோய் என்று நினைத்து மருந்து வாங்கித் தெளிப்பார்கள். காசுதான் போகும்.

இலையில் வட்ட வட்டமாகக் கரும்புள்ளி வந்து, மஞ்சளாகி உதிர்ந்தால் அது பூஞ்சண நோய். நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பாகக் கருகினால், முதலில் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒருபுறம் கடல், மறுபுறம் உப்பங்கழி, நடுவே மணல் பூமி. மழை ஓய்ந்து மாதங்கள் போகப் போக, கிணற்று நீர் உவர்க்கும் இடம் இது. ரோஜாவோ உப்பைத் தாங்காத செடி.

அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். மின்கடத்தும் திறன் 1-க்குள் இருந்தால் கவலையில்லை. 2-ஐத் தாண்டினால், நிலத்தில் நடாமல் தொட்டியில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றுவதே நல்லது.

தீவிலிருந்து வந்த எட்வர்ட்

வீட்டுக்கு ஏற்றவை பழைய ரகங்கள்தான். 1867-ல் பிரான்சில் வந்த 'லா பிரான்ஸ்' ரகத்துக்கு முந்தைய வகைகளையே உலகம் 'பழைய ரோஜா' என்கிறது. நம்மூர் பன்னீர் ரோஜாவும், எட்வர்ட் ரோஜாவும் அந்த வழியில் வந்தவை. இரண்டையுமே பன்னீர் ரோஜா என்று அழைப்பவர்களும் உண்டு.

எட்வர்ட் பிறந்தது இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவில். அங்கே வேலிக்கு நட்ட டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் தானாகக் கலந்து உருவானது. 19-ம் நூற்றாண்டில் கூலி வேலைக்காகத் தமிழர்கள் கப்பலேறிப் போன அதே தீவு!

இந்த ரகங்களை ஒட்டுக் கட்டத் தேவையில்லை. பென்சில் கனத்தில், முக்கால் அடி நீளக் குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். பக்கத்து வீட்டில் கவாத்து செய்யும்போது கேட்டு வாங்கினால் செலவும் இல்லை.

நடவும் பராமரிப்பும்

தினமும் ஆறு மணி நேரம் வெயில் விழும் இடமாகவும், கடல் காற்றைச் சுவரோ வேலியோ தடுக்கும் இடமாகவும் பாருங்கள். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்து, செம்மண்ணும் 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காதபடி மேட்டில் நடுங்கள். காய்ந்த இலைகளால் மூடாக்கு போடலாம். கழுவாத தென்னை நார்க்கழிவு வேண்டாம்; அதிலும் உப்பு உண்டு.

தண்ணீரைத் தூரில் மட்டும் ஊற்றுங்கள். உவர் நீர் இலையில் பட்டால் கருகும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழியில், காய்ந்த, நோயுற்ற கிளைகளை வெட்டி, வெட்டிய இடத்தில் போர்டோ பசை தடவுங்கள். பிறகு தொழுவுரம் இடுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூ வரும்.

அதிகாலையில் பறித்தால் மணம் குறையாது. மாலைக்கு, பூஜைக்குப் போக மிஞ்சிய இதழ்களைச் சர்க்கரையோடு அடுக்கி வெயிலில் வைத்தால் குல்கந்து. வாயில் போடும் பொருள் என்பதால், ரசாயன மருந்து அடித்த பூவை இதற்குத் தொடவே கூடாது.

வாசகர் கேள்வி

'சிவப்பு ஒட்டு ரோஜா வாங்கினோம். ஒரு வருடம் கழித்து வேறு நிறத்தில் சின்னப் பூ பூக்கிறதே, ஏன்?'

ஒட்டுக்கு மேலே இருந்த செடி காய்ந்து, அடிச்செடி துளிர்த்திருக்கிறது. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் துளிரை அவ்வப்போது தூரோடு கிள்ளிவிட வேண்டும். மேல் செடி முழுவதும் போய்விட்டால் சிவப்புப் பூ திரும்பாது. சொந்த வேரில் வளரும் பன்னீர் ரோஜாவில் இந்தத் தொல்லையே இல்லை. தூரிலிருந்து எது துளிர்த்தாலும் அதே பூதான்.