சுட்ட கட்டி: வரவும் செலவும்

ஈரலில் 3 செ.மீ. கட்டி ஒன்று. உருண்டை என்று வைத்துக்கொண்டால் கன அளவு 14 மி.லீ., ஒரு மேசைக்கரண்டிப் பாணி மருந்துக்குச் சற்றே குறைவு. அதைச் சூட்டால் அழிக்கும் வைத்தியர் கட்டியின் விளிம்போடு நிறுத்த முடியாது. சுற்றிலும் நல்ல ஈரலில் குறைந்தது அரை செ.மீ. சேர்த்தே சுட வேண்டும். அப்போது உருண்டை 4 செ.மீ., கன அளவு 33.5 மி.லீ.; அதாவது 19 மி.லீ.க்கு மேல் நல்ல சதை செலவு. கட்டி 5 செ.மீ. என்றால் 113 மி.லீ. சுட வேண்டும். கட்டிக்குள் செலுத்தும் ஊசியின் சூடு அவ்வளவு தூரம் சீராகப் போகாது. 3 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான்.

ரேடியோ அலை ஊசி கட்டியை 60 முதல் 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்கும். மைக்ரோவேவ் ஊசி 915 அல்லது 2,450 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் (வீட்டு அடுப்பும் இந்த 2,450தான்). 60 பாகையில் கலத்தின் புரதம் உடனே உறைந்துவிடும். 100ஐத் தாண்டினால் சதை கருகும். ரேடியோ முறையில் கருகிய சதை மின்னோட்டத்தை மறிப்பதால் அதிகச் சூடு நட்டம். ஸ்கான் திரையில் ஊசி முனையிலிருந்து குமிழிகள் வெள்ளையாகக் கிளம்பிக் கட்டியை மூடிவிடும். சூடு எதுவரை போனது என்று அதில் தெரியாது, பிறகு சி.டி. எடுத்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி வரவு. நடுப்பகுதி வெந்துவிடுகிறது. ஓரத்துக்குக் கிடைப்பது 41–45 பாகை. அங்கே குற்றுயிராகக் கிடக்கும் கலங்களிலிருந்து புற்றின் அடையாளப் புரதங்களும் எச்.எஸ்.பி.70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் கசிகின்றன. நோயெதிர்ப்புத் தொகுதியின் டென்ட்ரிடிக் கலங்கள் அவற்றைப் பொறுக்கி நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், புற்றுக் கலங்களைக் கொல்லக்கூடிய சி.டி.8 டி கலங்களுக்குக் காட்டுகின்றன. ஒரு கட்டியைச் சுட்டால் மற்றதும் கரையும் என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது. சூட்டால் மட்டும் அப்படி நடப்பது மிக அரிது. சுட்டபின் 5 ஆண்டுக்குள் பாதிப் பேருக்கு மேல், சில கணக்கில் 70% பேருக்கு, ஈரலில் புற்று மீண்டும் வருகிறது. உடல் அவ்வளவு நன்றாகப் பாடம் படித்திருந்தால் இந்த 70 எப்படி வந்தது?

அதனால் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து சேர்த்துப் பார்த்தார்கள். 2017இல் அமெரிக்க ஆய்வொன்றில் 32 பேருக்கு ட்ரெமெலிமுமாப் மருந்தோடு, கட்டியைச் சுட்டோ வேறு வழியிலோ அழித்தார்கள். மதிப்பிட முடிந்த 19 பேரில் 5 பேருக்கு, தொடாத கட்டிகளும் சுருங்கின. சிறிய எண்ணிக்கை, ஆனால் பொய்யில்லை. 2023இல் 668 பேரில், கட்டியை வெட்டியோ சுட்டோ எடுத்தபின், அட்டெசோலிசுமாப்–பெவசிசுமாப் கொடுத்ததில் நோய் திரும்பும் அபாயம் 28% குறைந்தது. 2024இல் மறுபடி எண்ணியபோது அது 10%க்கு இறங்கியது. புள்ளியியல் அதை ஏற்கவில்லை. என் பார்வையில் இந்த வரவை இப்போதைக்கு நிலுவை என்றே எழுத வேண்டும்.

சிகிச்சைக்குக் கொழும்பு போகவேண்டிய மன்னார் நோயாளியின் கணக்கு வேறு. கொழும்பு 300 கி.மீ.க்கு மேல், தலைமன்னார்க்காரருக்கு இன்னும் 30 கி.மீ. அளவு சேரும். சுட்டபின் ஒரு மாதத்தில் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கொன்று என்று முதலாண்டில் 5 ஸ்கான் என்றால் 3,000 கி.மீ. பயணம். கடலுக்குப் போகிறவருக்கு அத்தனை நாளும் தொழில் இல்லை.

இலங்கையில் ஈரல் புற்றுக்குப் பெருங்காரணம் மஞ்சள்காமாலை வைரஸ் அல்ல. கொழுப்பு ஈரலும் மதுவும். 2007இல் ராகமவில் 35–64 வயதினரைச் சோதித்தபோது 32.6% பேருக்குக் கொழுப்பு ஈரல். இவர்களில் ஈரல் சுருங்கி இறுகிய சிரோசிஸ்காரருக்கே 6 மாதத்துக்கொரு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கட்டாயம். ஈரல் புற்றுக் கட்டி பெரும்பாலும் 4–6 மாதத்தில் கன அளவில் இருமடங்காகும். 2 செ.மீ. கட்டி 3 செ.மீ. ஆக ஏறத்தாழ 3.4 மடங்கு பெருக வேண்டும். அதற்கு 7 முதல் பத்தரை மாதம். ஒரு ஸ்கானைத் தவறவிட்டால் இடைவெளி 12 மாதம். அந்த அல்ட்ராசவுண்டுக்கு அரச வைத்தியசாலையில் கட்டணமும் இல்லை.