ரீல்ஸில் வந்த அந்த எழுத்து மலையாளமா, கிரந்தமா? நீங்களே கண்டுபிடிக்கலாம்!

ஒதியம்பட்டில் பஸ்சுக்காகக் காத்திருக்கும்போது போனில் ஒரு ரீல்ஸ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 விநாடி வீடியோ. பரணில் இருந்து யாரோ ஓர் ஓலைக்கட்டை இறக்கிப் பிரிக்கிறார்கள். எழுத்து தமிழ் மாதிரியே இருக்கு. ஆனா படிக்க வரலை. கமென்ட்டில் ஒருவர் "மலையாளம்" என்கிறார். இன்னொருவர் "சித்தர் ரகசிய எழுத்து, 5 ஆயிரம் வருஷம் பழசு" என்கிறார். உடனே அது பேமிலி குரூப்புக்கும் பார்வர்டு ஆகிவிடுகிறது.

அது என்ன எழுத்து? நிபுணரைத் தேடிப் போவதற்கு முன் நாமே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்க முடியும்?

முதலில் என்ன செய்யணும்?

வீடியோவை நிறுத்தி, எழுத்து தெளிவாகத் தெரியும் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். செல்ஃபி கேமராவில் எடுத்த வீடியோ இடம் வலமாகத் திரும்பி இருக்கலாம். சட்டைப் பாக்கெட், கடை போர்டு, காலண்டர் எண்கள் என ஏதாவது தெரிந்தால் அதை வைத்துச் சரிபாருங்கள். திரும்பிய படத்தில் தமிழே தமிழாகத் தெரியாது.

அடுத்து, வடிவத்தைக் கவனியுங்கள்.

* எழுத்துகளின் தலைக்கு மேல் கோடு ஓடுகிறதா? தேவநாகரி, வங்காளம், குர்முகி போன்ற வடக்கத்திய எழுத்தாக இருக்கலாம்.
* வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று ஒட்டி ஓடுகிறதா? அரபு வகை. ஆனால் மொழியும் அரபுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்கள் தமிழையே அரபு எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அரபுத்தமிழ் என்று பெயர். எழுத்து வேறு, மொழி வேறு.
* குச்சி குச்சியாக, நடுவில் கூட்டல் குறி போல ஒன்று வருகிறதா? தமிழி எனப்படும் தமிழ் பிராமியாக இருக்கலாம். அந்தக் கூட்டல் குறிதான் 'க'. புதுச்சேரியை ஒட்டியுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த பானை ஓடுகளில் இந்த எழுத்து உண்டு.
* தலைக்கோடு இல்லாமல், வளைந்து வளைந்து வருகிறதா? தென்னிந்திய எழுத்து. குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தமிழா, கிரந்தமா?

சமஸ்கிருதத்தை எழுதத் தமிழ்நாட்டில் பயன்பட்ட எழுத்துதான் கிரந்தம். மலையாள எழுத்து அதிலிருந்து வந்ததால்தான் பலரும் கிரந்தத்தைப் பார்த்தவுடன் "மலையாளம்" என்கிறார்கள்.

உங்களுக்கே கொஞ்சம் கிரந்தம் தெரியும். போன் கீபோர்டில் இருக்கும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் கிரந்த எழுத்துகள்தான். உ, ண, த, ந, ய, வ போன்றவையும் கிரந்தத்தில் கிட்டத்தட்டத் தமிழ் போலவே இருக்கும். அதனால்தான் பாதி புரிந்த மாதிரி தோன்றுகிறது.

வித்தியாசம் ஒன்று உண்டு. கிரந்தத்தில் ஓர் எழுத்தின் கீழே இன்னோர் எழுத்தைத் தொங்கவிட்டு, அடுக்கி எழுதுவார்கள். தமிழில் அந்த அடுக்கு கிடையாது. நாலைந்து இடத்தில் அடுக்கு தெரிந்தால் கிரந்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடுக்கே இல்லையா? பழைய தமிழாகவே இருக்கலாம். பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எ-ஏ வேறுபாடு இல்லை, சொற்களுக்கு இடையே இடைவெளியும் இல்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் சுவரில் உள்ள சோழர் காலக் கல்வெட்டு முன்னால் நின்று பாருங்கள். தமிழ்தான், ஆனாலும் சரளமாகப் படிக்க வராது.

ஆப் சொல்லிவிடாதா?

முழுசா நம்ப முடியாது. பழக்கமில்லாத எழுத்தைக் காட்டினால், தனக்குத் தெரிந்த ஏதோ ஒன்றாக அது ஊகித்துவிடலாம். கணினிகளுக்கான யுனிகோட் தரத்தில் கிரந்தம் சேர்ந்ததே 2014-இல்தான்.

தப்பாச் சொன்னா என்ன ஆகும்?

1836 வாக்கில் நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் ஒரு வெண்கலப் பாத்திரத்தைப் பார்த்தார். அதில் ஏதோ எழுதியிருந்தது. உண்மையில் அது உடைந்த மணி ஒன்றின் மேல்பகுதி. எழுத்து தமிழ். மொகைதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி என்பதே அதன் பொருள். எழுத்து அடையாளம் தெரிந்ததால் ஒரு சமையல் பாத்திரம் வரலாற்றுச் சான்று ஆனது. இன்று அது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் சொத்து.

புதுச்சேரிக்குள்ளேயே ஓர் உதாரணம் பாகூர்ச் செப்பேடுகள். 9-ஆம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தவை. சமஸ்கிருதப் பகுதி கிரந்தத்தில், தமிழ்ப் பகுதி தமிழ் எழுத்தில். பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு 3 ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. எழுத்து தெரியாதவர் கையில் கிடைத்திருந்தால், அது எடைக்குப் போகும் செம்பு, அவ்வளவுதான்.

ஓலைக்கும் அதே கதி உண்டு. எழுத்து புரியாததால் ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகள் ஏராளம்.

வீட்டிலேயே இருந்தால்?

நூலை அவசரமாக இழுக்காதீர்கள், தண்ணீரில் துடைக்காதீர்கள். செப்பேட்டைப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. இருக்கிறபடியே நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்த பொருள் என்றால் தாசில்தார் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

படித்துச் சொல்ல ஆள் வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம். புதுச்சேரி செயின்ட் லூயிஸ் வீதியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதில் கணிசமானவை கிரந்தத்தில் எழுதப்பட்டவை.

பாகூர்ச் செப்பேடுகள் 19-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்விட்டன. அதைப் பார்க்கணும்னா விமானம் ஏறணும். பரணில் இருப்பதைப் பார்க்க ஓர் ஏணி போதும்.