உறைகட்டியைக் கரைக்கும் ஔஷதமும் செவிலியர் பணியும்

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள், காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்த பின்னும் கடிவாயிலிருந்து இரத்தம் நெடுநேரம் கசிந்துகொண்டேயிருப்பதை நன்கு அறிவார்கள். மருத்துவ அட்டையிடத்தில் இரத்தத்தை உறையவிடாத வஸ்து ஒன்று இருப்பதை 1884-இல் ஜான் ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். பின்னாளில் அது ஹிருடின் என்று பெயர் பெற்றது. 1916-இல் ஜே மெக்லீன் என்னும் அமெரிக்க மருத்துவ மாணவரின் ஆராய்ச்சி ஹெபாரினுக்கு வழிகாட்டிற்று. 1933-இல் வில்லியம் டில்லெட், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் உறைந்த இரத்தத்தையே இளகச் செய்வதைக் கண்டார். அதிலிருந்து பிறந்ததே ஸ்ட்ரெப்டோகைனேஸ்.

ஹெபாரின், வார்ஃபரின் ஆகிய மருந்துகள் புதிய உறைகட்டி உண்டாகாமலும் உள்ள கட்டி பெருகாமலும் தடுப்பவை. ஸ்ட்ரெப்டோகைனேஸும் டெனெக்டெப்ளேஸும் இதயத் தமனியை அடைத்து நிற்கும் கட்டியையே கரைப்பவை. நேரம் செல்லச் செல்ல இதயத் தசை மடிந்துகொண்டே போவதால், மலைநாட்டில் இவற்றின் அருமை தனி. உதகையிலிருந்து கோவைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல்; மலைப்பாதையின் வளைவுகளும் மூடுபனியும் வேறு. தமனியைப் பலூன் கொண்டு திறக்கும் சிகிச்சைக்காகச் சமவெளிக்கு இறங்க வேண்டியவருக்கு, அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு அனுப்புவதே உசிதம். கோவை இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர் முதலியோர், சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்து 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தது.

ஆயினும் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பகுத்தறியும் சக்தி கிடையாது. இதயத்தை அடைத்த கட்டியையும், வயிற்றுப் புண்ணின் வாயை மூடிக் காத்துவரும் உறைவையும் அது ஒன்றாகவே பாவிக்கும். முன்பு பக்கவாதம் வந்ததுண்டா, அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மலம் கறுத்துப் போனதா, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று மருந்துக்கு முன் கேட்கப்படும் கேள்விகள் சம்பிரதாயத்துக்காகக் கேட்பவையல்ல. அவற்றில் ஒன்றைத் தவறவிட்டால் மூளைக்குள் இரத்தம் கசிய இடமுண்டு. தேர்ந்த செவிலியர் நரம்பில் ஏற்ற வேண்டிய ஊசிகளை மருந்துக்கு முன்பே ஏற்றி முடித்துவிடுவார். தசையில் ஊசி போடவே மாட்டார். ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து, கசிவு நிற்கும்வரை கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருப்பார்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட் ஒரு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று தாழக்கூடும். அதனால் அந்நேரம் முழுவதும் செவிலியர் கட்டிலருகை விட்டு நகரலாகாது. நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பதும் இங்கே பரிசோதனைதான்: நாக்குக் குழறுகிறதா, தலைவலி என்கிறாரா, ஒரு கை மட்டும் தளர்கிறதா என்பது உரையாடலில்தான் முதலில் தெரியவரும். தலைவலிக்கு மாத்திரை கொடுத்துத் தூங்கச் சொல்வதைவிடப் பெரிய தவறு இவ்வேளையில் வேறில்லை. உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். ஈறு, சிறுநீர், ஊசித் துளை ஆகியவற்றையும் விடாது பார்த்து வர வேண்டும். ஏறத்தாழ 90 நிமிடங்கள் கழித்து எடுக்கும் ஈ.சி.ஜி.யில் உயர்ந்திருந்த கோடு பாதிக்கு மேல் தாழ்ந்திருந்தால், தமனி திறந்துகொண்டது என்று பெரும்பாலும் நம்பலாம்.

வீடு திரும்பி வார்ஃபரின் உண்பவருக்கு வேறு விதமான போதனை வேண்டும். கீரையிலும் முட்டைக்கோஸிலும் உள்ள வைட்டமின் கே இம்மருந்தின் வேகத்தைத் தணிப்பது. முட்டைக்கோஸ் மலிந்த இம்மலையில் அதை அறவே விடு என்பது நடவாத காரியம். ஒரு வாரம் நிறைய, மறுவாரம் துளியும் இல்லை என்றாகாமல் ஒரே அளவில் உண்ணச் சொன்னால் போதும். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையைத்தான் கண்டிப்பாக விலக்கச் சொல்ல வேண்டும். ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனைக்குக் குறித்த நாளில் வராத தோட்டத் தொழிலாளியைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. அன்றைக்குக் கூலி போய்விடும் என்பதே பெரும்பாலும் காரணம். அவருக்கு விடுமுறை வரும் நாளைக் கேட்டறிந்து அதற்கேற்பத் தேதி குறித்துக் கொடுப்பதும் செவிலியர் பணியின் ஓர் அங்கமே.